எடைக்காரன் சொன்ன எண்

அத்தியாயம் பதினேழு

எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவள் தினமும் காலையில் படியேறி வேலைக்குப் போனால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். முதல் மாதம் சிரித்தார்கள். இரண்டாவது மாதம் வேடிக்கை பார்த்தார்கள். இப்போது மூன்றரை மாதம் ஆகிவிட்டது. அக்கா படியில் கால் வைப்பதை யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை.

வாசல் காவலாளி மட்டும் விடவில்லை.

"என்ன மேடம், லிஃப்ட் ரிப்பேரா?"

"லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு. ஓட்டுறவதான் ரிப்பேர்."

தினமும் இதே கேள்வி, இதே பதில். இன்று அக்கா கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு ஏறினாள்.

ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. இரண்டாவது மாடியில் தெரு தெருவாகத் தெரியும். நான்காவதில் தலைகள் மட்டும். ஆறாவதில் மனிதர்களே இல்லாமல், கூரைகளும் தண்ணீர்த் தொட்டிகளும், அவற்றின்மேல் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வெளிச்சமும். அந்த ஜன்னலுக்காகவே ஏறலாம் என்று ஆரம்பத்தில் அவளுக்குத் தோன்றியதுண்டு.

இன்று ஆறாவது மாடியில் அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. வலது விலா எலும்புக்குக் கீழே ஒரு கை உள்ளே நுழைந்து எதையோ பிடித்துத் திருகியது. வலி முதுகு வழியாகத் தோள்பட்டைவரை போனது. படியிலேயே உட்கார்ந்து, நெற்றியைக் குளிர்ந்த கைப்பிடிக் கம்பியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் இது நான்காவது முறை. வாயு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மற்றவர்களிடம் அதையும் சொல்லவில்லை. இன்று ஆஸ்பத்திரியில் பரிசோதனை நாள். இன்றைக்குப் போய் எதையாவது உளறி, காரியத்தைக் கெடுத்துக்கொள்வதா?

காரியம் தம்பியுடையது.

தம்பியின் சிறுநீரகங்கள் இரண்டும் நின்று மூன்று வருடம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள், மாலை ஐந்து மணிக்கு டயாலிசிஸ். கையில் ஊசி போட்ட ரத்தக்குழாய் இரண்டு முறை அடைத்துக்கொண்டது. இப்போது கழுத்தில் குழாய். அதுவும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது என்கிறார்கள். அவன் மனைவி கொடுக்கத் தயாராக இருந்தாள்; ரத்த வகை சேரவில்லை. அக்காவுடையது எல்லாம் சேர்ந்தது. சேராதது அவள் உடம்பு. தொண்ணூற்று நான்கு கிலோ, நூற்று அறுபத்து நான்கு கெட்ட கொழுப்பு.

"எண்பதுக்குக் கீழே வாங்க. கொழுப்பும் இறங்கணும். அவசரமே கூடாது, வாரத்துக்கு அரைக் கிலோ போதும்" என்று சொல்லியிருந்தார், சிறுநீரகம் கொடுப்பவர்களைப் பார்க்கும் டாக்டர். "ஒரே எடை மிஷின், ஒரே கிழமை, ஒரே நேரம். பத்து மிஷின்ல ஏறினா பத்துக் கதை சொல்லும். இங்க ஆறாவது வாரம் வாங்க, அப்புறம் பதினஞ்சாவது வாரம் வாங்க. நடுவுல போன்ல நம்பரைச் சொன்னாப் போதும்."

ஒரே மிஷின் என்றதும் வீட்டில் யாரும் இரண்டாவது யோசனை செய்யவில்லை. தம்பி பார்சல் ஆபீஸில் எடை போடுகிறவன். பதினெட்டு வருடமாக அவன் சொல்லும் எடையை யாரும் மறுத்துப் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஆபீஸ் திறக்கும் முன், அக்கா அந்த இரும்புப் பலகையில் ஏறி நிற்பாள். எண் தெரியும் கண்ணாடி கவுண்டருக்கு உள்பக்கம் திரும்பியிருக்கும். தம்பி குனிந்து பார்த்துச் சொல்லுவான். ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்ளவும் செய்வான்.

முதல் ஆறு வாரம் தொண்ணூற்று நான்கு தொண்ணூறாக இறங்கியது. கொழுப்பும் நூற்று முப்பத்தெட்டு. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் சந்தோஷம்.

அதன்பிறகு எண் நின்றுபோனது. தொண்ணூறு. தொண்ணூறேகால். மறுபடியும் தொண்ணூறு.

அக்கா ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்கினாள். பிறகு நிறுத்தினாள். மதியச் சாப்பாடு ஒரு முட்டையும் ஒரு வெள்ளரிக்காயும் ஆனது. காலையில் மட்டும் ஏறிய படியை மாலையிலும் ஏறினாள். போன ஞாயிறு தம்பி சொன்னது எண்பத்து நாலரை.

யூனிஃபார்ம் பெல்ட்டில் அவள் புதிதாக நான்கு ஓட்டை போட்டிருந்தாள். "தோல்னா இழுபடும்க்கா" என்று தம்பி சொல்லியிருந்தான்.

வலி விட்டது. அக்கா எழுந்து மிச்சம் இரண்டு மாடியையும் ஏறினாள்.

* * *

தம்பி மனைவியை வீட்டில் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பியே அப்படித்தான் கூப்பிடுவான். மூன்றாம் வகுப்பு, நாற்பது பிள்ளைகள். இன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தாள்.

இரண்டு நாளைக்கு முன் கொடுத்த ரத்தத்தின் முடிவை முதலில் வாங்கிக்கொண்டுதான் டாக்டரிடம் போகவேண்டும். கவுண்டரில் வாங்கிய தாளை டீச்சர் பரீட்சைத் தாளைப் போல விரலை வைத்து, வரி வரியாகப் படித்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"என்னம்மா?"

"நூத்தி எழுபத்தொண்ணு."

"எது?"

"கெட்ட கொழுப்பு. போன தடவை நூத்தி முப்பத்தெட்டு. ஆரம்பத்துல நூத்தி அறுபத்து நாலு." டீச்சர் தாளை மடித்தாள். "ஆரம்பத்துல இருந்ததைவிட ஜாஸ்தி அண்ணி."

இருவரும் அந்த நீளமான வராந்தாவில் நின்றார்கள். சக்கர நாற்காலி ஒன்று அவர்களைக் கடந்து போகும்வரை டீச்சர் காத்திருந்தாள்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுக்குவேன். கேளு."

"வெளியில ஏதாவது சாப்பிடறீங்களா?"

"என்ன கேக்கறே நீ?"

"நம்ம வீட்டு மாடியில உங்க அடுப்பே சரியா எரியறதில்ல. நான் பார்க்கறேன். ஒரு மனுஷி அவ்வளவு கம்மியா சாப்பிட்டா கொழுப்பு எப்படி ஏறும்? கணக்கு உதைக்குதே."

அக்காவுக்கு முகம் சூடாகியது. மறைத்து வைத்திருந்தது ஒன்றுதான், அந்த வலி. ஆனால் டீச்சர் பார்த்தது சிவந்துபோன முகத்தை.

"என் கிளாஸ்ல நாற்பது பசங்க அண்ணி. ஹோம்வொர்க் செஞ்சவன் முகமும் எனக்குத் தெரியும், செஞ்சேன்னு சொல்றவன் முகமும் தெரியும். பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லிடுங்க. யாரும் உங்களைக் குத்தம் சொல்ல மாட்டோம். ஆனா குடுக்கறேன் குடுக்கறேன்னு சொல்லிட்டு இப்படி..." அவளுக்குக் குரல் உடைந்தது. "அவருக்கு டைம் இல்ல அண்ணி."

அக்கா தாளை வாங்கி ஃபைலுக்குள் வைத்தாள். முன்பெல்லாம் யாராவது இப்படிப் பேசினால் நாலு வார்த்தை கூடவே கொடுத்திருப்பாள். இப்போது சண்டை போடவும் உடம்பில் எதுவோ குறைந்திருந்தது.

* * *

டாக்டர் அறைக்கு வெளியே நர்ஸ் எடை பார்த்தாள்.

"எழுபத்தேழு புள்ளி ரெண்டு."

"சரியா பாருங்க சிஸ்டர்" என்றாள் அக்கா.

"சரியாத்தான் பார்த்தேன்."

"உங்க மிஷின் தப்பு."

"காலையிலதான் ஆள் வந்து சரிபார்த்துட்டுப் போனாரு." நர்ஸ் ஃபைலைப் புரட்டினாள். "திங்கக்கிழமை போன்ல எண்பத்து நாலரைன்னு சொல்லியிருக்கீங்களே? நாலு நாள்ல ஏழு கிலோவா? இறங்கி மறுபடி ஏறுங்க."

அக்கா இறங்கினாள். காதில் கிடந்ததைக்கூடக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு அதுவும் எடைதானே என்று டீச்சரிடம் கொடுத்தாள். மறுபடி ஏறினாள்.

எழுபத்தேழு புள்ளி இரண்டு.

டீச்சர் தன் பையிலிருந்து அந்தச் சின்ன நோட்டை எடுத்தாள். டாக்டர் கேட்டால் காட்டலாம் என்று கொண்டுவந்தது. ஞாயிறுக்கு ஞாயிறு, நேர்க்கோட்டில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் அவள் கணவனின் கையெழுத்து. அவள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். நோட்டை மூடிவிட்டு அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பழைய ரத்த முடிவையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு நேராகக் கேட்டார்.

"வலது பக்கம் வலிக்குதா?"

இனி மறைப்பதில் அர்த்தம் இல்லை. "வலிக்குது டாக்டர். ரெண்டு வாரமா. வாயுன்னு நெனச்சேன்."

டீச்சர் திரும்பிப் பார்த்தது அக்காவுக்கு ஓரக்கண்ணில் தெரிந்தது.

உடனே ஸ்கேன் எடுத்தார்கள். குளிர்ந்த பசையும், இருட்டு அறையும், திரையில் மேகம் நகர்வதுபோல ஏதோ ஒன்றும். முக்கால் மணி நேரம் கழித்து மறுபடியும் டாக்டரின் மேஜை.

"பித்தப்பையில கல். மணல் மாதிரி நிறைய, நடுவுல நாலஞ்சு சின்னக் கல்."

"கொழுப்பு ஏறினதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?" டீச்சர்தான் கேட்டாள். "இவங்க வெளியில எதுவும்..."

"சாப்பிட்டதால ஏறலம்மா. சாப்பிடாததால ஏறியிருக்கு." டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உடம்புல இருக்கற சதை வெறும் எண்ணெய் மூட்டை இல்ல. அதுக்குள்ள கொலஸ்ட்ராலும் சேர்ந்திருக்கும். மெதுவா கரைச்சா, வெளியே வர்றதை ஈரல் அப்பப்பக் கவனிச்சுக்கும். ஆறாவது வாரம் அப்படித்தான் நடந்துச்சு, நல்லா இறங்கியிருந்துச்சு. அதுக்கப்புறம் ஒன்பது வாரத்துல இவங்க பதிமூணு கிலோ கரைச்சிருக்காங்க. மூட்டையைக் கிழிச்சுக் கொட்டின மாதிரி. கொஞ்சம் ரத்தத்துல நிக்குது. கொஞ்சம் பித்தத்துக்குள்ள போயிடுச்சு. சாப்பிட்டாத்தான் பித்தப்பை சுருங்கி அதை வெளியே தள்ளும். இவங்க சாப்பிடவும் இல்ல. தேங்கிக் கெட்டியாயிடுச்சு. எல்லாருக்கும் இப்படி ஆகறதில்ல. ஆனா இந்த வேகத்துல இறங்கினா, ஆகறவங்க நிறைய."

"அப்ப நான் ஏறின படியெல்லாம்?" என்றாள் அக்கா.

"அது வீண் இல்ல. சர்க்கரை இறங்கியிருக்கு, ரத்த அழுத்தம் நல்லா இருக்கு, இதயம் பத்து வயசு கம்மியா துடிக்குது. நல்ல கொழுப்புகூட எடை ஒரு இடத்துல நின்னா மெல்ல ஏறும். படி ஒரு தப்பும் பண்ணல."

"எண்பதுக்குக் கீழே வந்துட்டேனே டாக்டர். எப்ப எடுத்துப்பீங்க?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்லும்முன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற பழக்கம் அவருக்கு இருந்தது.

"முதல்ல பித்தப்பைக்கு என்ன பண்றதுன்னு பார்க்கணும். அதுக்கப்புறம் பன்னிரண்டு வாரம் எடை ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. வேளாவேளைக்குச் சாப்பிடணும், அளவா நடக்கணும். உடம்பு அடங்கின பிறகுதான் உண்மையான கொலஸ்ட்ரால் எவ்வளவுன்னு தெரியும். அப்பதான் அனுமதி குடுக்கற கமிட்டி உங்க ஃபைலைத் தொடும்."

"தம்பிக்குப் பன்னிரண்டு வாரம் இருக்கா?"

"அதை அவரோட டாக்டர்தான் சொல்லணும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நம்பர் இவ்வளவு வித்தியாசப்படுதே. உங்க எடையை யார் பார்க்கறாங்க?"

டீச்சர் வாயைத் திறந்தாள்.

"பக்கத்துல ஒரு மிஷின் டாக்டர்" என்று முந்திக்கொண்டாள் அக்கா. "பழைய மிஷின்."

வெளியே வந்ததும் டீச்சர் மெதுவாகச் சொன்னாள். "நிஜமாவே அந்த மிஷின் பழுதாயிருக்குமோ?"

"பார்சல் மிஷின்ம்மா அது. ஏழு கிலோ கூடக் காட்டினா ஊரே திரண்டு வந்து கத்தியிருக்கும்."

டீச்சர் நோட்டைப் பையின் அடியில் தள்ளினாள். மீதி இருந்தது ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆளின் பெயரை முதலில் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

"நீ இங்கயே இரு. அஞ்சு மணிக்கு அவன் வந்துடுவான்" என்றாள் அக்கா. "நான் ஒரு நடை போயிட்டு வர்றேன்."

* * *

பார்சல் ஆபீஸில் எப்போதும் அட்டைப்பெட்டியும் சணல் கயிறும் கலந்த ஒரு மணம் உண்டு. சுவரோரம் கூரைவரை பெட்டிகள். 'உடையும்', 'இந்தப் பக்கம் மேலே' என்று சிவப்பு மையில் எழுதியவை. அந்தப் பெட்டிகள் போகும் ஊர்களை நினைத்துக்கொண்டு நிற்பது அக்காவுக்குப் பிடிக்கும். இன்று அவள் எந்த விலாசத்தையும் படிக்கவில்லை.

மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். கவுண்டருக்குள் தம்பி, சட்டைக் காலருக்கு மேலே கழுத்துக் கட்டு வெள்ளையாகத் தெரிய, டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் டேப் கிழிக்கும் சத்தம் நின்றது.

அக்கா வரிசையில் நிற்கவில்லை. நேராகப் போய் இரும்புப் பலகையில் ஏறினாள்.

கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு நின்ற பெரியவரிடம் சொன்னாள். "ஐயா, கொஞ்சம் உள்ள எட்டிப் பார்த்து நம்பரைப் படிங்களேன்."

"நானா? அவரே சொல்லுவாரேம்மா."

"இன்னிக்கு நீங்க சொல்லுங்க."

தம்பி கண்ணாடியைக் கையால் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. சற்று விலகி நின்றான்.

பெரியவர் எட்டிப் பார்த்தார். "எழுபத்தேழு, முந்நூறு." பிறகு நிலைமை புரியாமல் சிரித்தார். "எந்த ஊருக்கு அனுப்பணும்?"

"இந்தப் பார்சலை எந்த ஊரும் வாங்காது ஐயா" என்றாள் அக்கா.

தம்பி கவுண்டரை இன்னொருவனிடம் விட்டுவிட்டு, பெட்டிகளுக்குப் பின்னால் வந்தான். அந்த இடுக்கில் இரண்டு பேர் நிற்கத்தான் இடம்.

"எத்தனை வாரமா?"

"ஒன்பது."

"ஏன்டா?"

அவன் டேப்பைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான்.

"ஆறாவது வாரம் தொண்ணூறுன்னு வந்துச்சு பாரு. அன்னிக்குப் பயந்துட்டேன்க்கா. இவ நிஜமாவே குடுத்துடுவா போலிருக்கேன்னு."

"அதனால?"

"நம்பர் இறங்கலேன்னா சலிச்சுப்போய் விட்டுடுவேன்னு நெனச்சேன்."

"யாரு, நானா?"

"நீ எதைத்தான்க்கா விடாம செஞ்சிருக்க? டைப்ரைட்டிங் ரெண்டு மாசம். நீச்சல் மூணு வாரம். அந்த கிடார்..."

"கிடார்ல கம்பி அறுந்துபோச்சு."

"எல்லாக் கம்பியும் ஒரே நாள்லயா?"

வேறொரு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

"நம்பர் எனக்குத் தெரியாது. உன் முகம்தான் தெரியும்" என்றாள் அக்கா. "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அதையே பார்த்துக்கிட்டு நிப்பேன். நீ உதட்டைப் பிதுக்குவ. சரி, இந்த வாரம் நாம போதலன்னு வீட்டுக்குப் போவேன். போய் இன்னொரு வேளையை நிறுத்துவேன்."

"எனக்கு அது தெரியாதுக்கா."

"மாடியில தனியா இருக்கறவ சாப்பிட்டாளா இல்லையான்னு உனக்கெங்க தெரியும்? நம்பர் நின்னா நான் உன்னை விட்டுடுவேன்னு நெனச்ச. நான் சாப்பாட்டைத்தான்டா விட்டேன்."

தம்பி நிமிர்ந்தான். அப்போதுதான் அவளை முழுசாகப் பார்ப்பவன்போலப் பார்த்தான். தொங்கும் யூனிஃபார்ம் தோள், கன்னத்தின் பள்ளம், பெல்ட்டின் நீளமான வால்.

"இன்னிக்கு என்ன சொன்னாங்க?"

அவள் சொன்னாள். கொழுப்பு ஏறியதை, ஏன் ஏறியது என்பதை, கல்லை, பன்னிரண்டு வாரத்தை. ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான். அதில் 'உட்காராதீர்கள்' என்று எழுதியிருந்தது.

"கல்லா?" என்றான். "உனக்கா?"

"பின்னே உன் மிஷினுக்கா?"

"அக்கா..."

"ஏன்டா வேண்டாம்? அதை மட்டும் சொல்லு. எடுத்துக்க ஏன் பயம்? குடுக்கறவளே பயப்படல."

தம்பி தலையை ஆட்டினான். "விடுக்கா."

"சொல்லு."

"விடுன்னு சொல்றேன்ல!"

கவுண்டரில் யாரோ மணியை அடித்தார்கள். அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அவன் வாயைத் திறப்பதாக இல்லை. சின்ன வயதிலும் அப்படித்தான். கதவைச் சாத்திக்கொண்டால் வீட்டையே இடித்தாலும் திறக்கமாட்டான்.

"பன்னிரண்டு வாரம்" என்றாள். "உங்கிட்ட அது இருக்கான்னு உன் டாக்டருக்கே தெரியல. அதைத்தான் நீ தூக்கி எறிஞ்சே."

வெளியே வந்து, எந்தப் பக்கம் பஸ் நிறுத்தம் என்று மறந்துபோய், கொஞ்ச தூரம் தப்பான திசையில் நடந்தாள்.

* * *

ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடத்தில், டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே ஒரு நீல பெஞ்சு. மூன்று வருடமாக டீச்சர் அதில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாட நோட்டுகளைத் திருத்துகிறாள். இன்று நோட்டுகள் பைக்குள்ளேயே இருந்தன.

அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டீச்சர் எதையும் கேட்கவில்லை. அக்காவின் முகத்திலேயே பதில் இருந்தது.

"வராந்தாவுல நான் கேட்டது..." என்று ஆரம்பித்தாள் டீச்சர்.

"கேட்டது தப்பில்ல. முகத்தைப் பார்த்து மார்க் போட்டேல்ல, அதுதான் தப்பு."

"நீங்களும் வலியை மறைச்சீங்கதானே?"

"ஆமா. அதுக்கு எத்தனை மார்க் குறைப்பே?"

டீச்சர் சிரிக்கப் போனாள், அழுகைதான் வந்தது. கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல், பழக்கப்பட்டவளைப் போல அழுதாள்.

ஐந்து மணி ஆயிற்று. ஐந்தேகால் ஆயிற்று. டெக்னீஷியன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"எங்க, ஆளைக் காணோம்? மிஷின் ரெடியா இருக்கு."

டீச்சர் போன் செய்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பார்சல் ஆபீஸுக்குச் செய்தாள். நாலு மணிக்கே கிளம்பிவிட்டாராம்.

"நாலு மணிக்கா?" டீச்சர் எழுந்து நின்றாள். "இருபது நிமிஷம்தானே பஸ்ல?"

அக்கா வாசலையே பார்த்தாள். அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை அவளுக்கே திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. எறிஞ்சே. தூக்கி எறிஞ்சே.

ஐந்தரைக்கு டெக்னீஷியன் மறுபடி வந்தான். "ஆறு மணிக்கு மேல நான் வெயிட் பண்ண முடியாதும்மா. அடுத்த ஆள் இருக்காங்க. போன தடவையே இவருக்கு உடம்புல ரெண்டு கிலோ தண்ணி ஜாஸ்தி."

ஆறாவதற்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தபோது தம்பி வந்தான். வாசல் பக்கமிருந்து வரவில்லை. மேல் மாடிப் படியிலிருந்து இறங்கி வந்தான். இவர்கள் இருவரையும் பார்த்தான். உள்ளே போய்ப் படுத்தான். கழுத்துக் கட்டைப் பிரித்தார்கள், குழாய்களைப் பொருத்தினார்கள். ரத்தம் வெளியே வந்து, சுற்றி, உள்ளே போக ஆரம்பித்தது.

அதன்பிறகுதான் பேசினான். கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"மேல கமிட்டி ஆபீஸுக்குப் போயிட்டு வர்றேன். எடையை மாத்திச் சொன்னது நான்தான்னு சொல்லிட்டேன். அக்கா மேல தப்பில்லன்னு எழுதி வெச்சாச்சு."

"நல்லது" என்றாள் டீச்சர்.

"இன்னொண்ணும் எழுதிக் குடுத்தேன். எனக்குக் கிட்னி வேண்டாம்னு. கையெழுத்துப் போட்டுட்டேன்."

டீச்சர் கையிலிருந்த துண்டை இரண்டாக மடித்தாள். நாலாக மடித்தாள். எட்டாக மடிக்க அது இடம் கொடுக்கவில்லை. அதைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள்.

"ஒரு ஆள்தான் உள்ள இருக்கலாம்" என்றான் டெக்னீஷியன்.

"இன்னிக்கு அவங்க இருக்கட்டும்." டீச்சர் கணவனைப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஒரு ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து அக்காவின் கையில் வைத்துவிட்டு வெளியே போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், நீல பெஞ்சில், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்கு ஒட்டிப் போட்டாள். மிஷினின் திரையில் மிச்ச நேரம் ஒளிர்ந்தது. மூன்று மணி ஐம்பத்தாறு நிமிடம்.

"கிட்டத்தட்ட நாலு மணி நேரம் இருக்கு. நீ எழுந்து போக முடியாது, கதவைச் சாத்திக்க முடியாது, போனைக்கூட அணைக்க முடியாது" என்றாள். "சொல்லு."

தம்பி கண்ணை மூடினான்.

"தூங்கற மாதிரி நடிக்காதே. உனக்கு அது அஞ்சு வயசிலயே வராது. இமை ஆடும்."

இமை ஆடியது.

கண்ணைத் திறக்காமலே கேட்டான். "நீ சாப்பிட்டியா?"

"இல்ல."

"டாக்டர் வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாருன்னு சொன்னியே."

"சொன்னாரு."

"சாப்பிடு. நீ சாப்பிட்டாத்தான் பேசுவேன்."

அக்கா பொட்டலத்தைப் பிரித்தாள். ஒன்பது வாரமாக ரொட்டி அவளுக்கு ஒரு எதிரி. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். தொண்டை அதை ஏற்கவே மறந்துபோயிருந்தது. மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள், விழுங்கினாள். தம்பி கண்ணைத் திறந்து, அவள் விழுங்குவதைப் பார்த்தான். அடுத்த துண்டையும் பார்த்தான். மூன்றாவது துண்டுக்குப் பிறகு, குழாய் அசையாமல் மெல்லத் தலையைத் திருப்பி, பக்கத்துக் கட்டிலைக் காட்டினான். அங்கே புது விரிப்பு விரித்திருந்தது.

"அங்க ஒரு லாரி டிரைவர் படுத்திருப்பாரே, ஞாபகம் இருக்கா? வாயாடி. போன வருஷம் ஆபரேஷன் ஆச்சுன்னு எல்லாருக்கும் இனிப்புக் குடுத்தாரே."

"இருக்கு. அவருக்கென்ன, நல்லாத்தானே போனாரு?"

"நல்லாத்தான் இருக்காரு. ரெண்டு மாசம் முன்னாடி பார்சல் ஆபீஸுக்கு வந்தாரு, ஒரு பெட்டி அனுப்ப. எல்லாம் பொம்பளைத் துணி. இஸ்திரி போட்ட மாதிரி மடிச்சு வெச்சிருந்தாரு. எடை போட்டேன். பதினோரு கிலோ. அவருக்கும் அவர் அக்காதான்க்கா குடுத்தாங்க. அவங்க துணிதான் அது. இப்ப அவங்க இல்ல."